குருதியில் அளந்த மருந்து: சென்னைக் காசநோய் வேதிச்சிகிச்சை மையமும் ஐசோனியசிட் செறிவு அளவீடும் (1956–1970)

ஆய்வுச்சுருக்கம்

குருதியில் மருந்தின் செறிவை ஆய்வகத்தில் அளக்கும் முறை 1930களின் இறுதியில் அமெரிக்காவில் வேரூன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் அம்முறை சென்னைக்கு வந்து, ஏழைக் காசநோயாளிகளுக்கு எந்த மருந்தை எந்த இடைவெளியில் கொடுக்கலாம் என்ற நடைமுறைக் கேள்வியோடு பிணைந்தது. மேலை நாடுகளில் இவ்வளவீடு பின்னாளில் தனி நோயாளியின் மருந்தளவைத் திருத்தும் கருவியானது. சென்னையிலோ, எவருடைய குருதியையும் அளக்கத் தேவையில்லாத ஒரு சிகிச்சை முறையைக் கண்டறிவதற்கு அது பயன்பட்டது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஐசோனியசிட், பிளாஸ்மா, சீரம், காசநோய், அசெட்டைல் ஏற்றம், சென்னை, மருத்துவ வரலாறு.

முன்னுரை

மருத்துவர் எழுதித் தரும் அளவும் நோயாளியின் குருதியில் ஓடும் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. மாத்திரை குடலில் கரைந்து, குடற்சுவரைக் கடந்து, கல்லீரலின் வழியே குருதியை அடைகிறது. அங்கிருந்து ஒரு பகுதி திசுக்களில் தங்குகிறது. ஒரு பகுதி வேதிமாற்றம் அடைந்து செயலிழக்கிறது. எஞ்சியது சிறுநீரில் வெளியேறுகிறது. ஒரே மாத்திரையை விழுங்கிய இருவரின் குருதியில் சில மணிநேரத்தில் பன்மடங்கு வேறுபாடு தோன்றக்கூடும். இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாதது. ஆகவே நெடுங்காலம் மருத்துவம் கொடுத்த அளவையும் நேர்ந்த விளைவையும் மட்டுமே அறிந்திருந்தது. இரண்டுக்கும் இடையில் உடலுக்குள் நிகழ்ந்தது ஊகமாகவே இருந்தது.

இவ்விடைவெளிக்கு ஒரு சமூகப் பக்கமும் உண்டு. மருந்து கொடுத்தும் நோய் தீராதபோது முதலில் எழும் ஐயம், நோயாளி அதனை ஒழுங்காக உட்கொள்ளவில்லை என்பதே. அந்நோயாளி எழுத்தறியாத கூலித் தொழிலாளியாக இருந்தால் அவ்வையம் விரைவில் தீர்ப்பாகவும் மாறிவிடும். குருதியை அளக்கும் முறை வந்த பின்னரே வேறொரு விடைக்கு இடம் பிறந்தது: மருந்து உட்கொள்ளப்பட்டிருக்கலாம், ஆனால் அவ்வுடல் அதனை விரைந்து அழித்திருக்கலாம். சென்னைக் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் தொடக்க கால ஆய்வுகள் இக்கோணத்தில் படிக்கத்தக்கவை.

அளவீட்டின் முன்வரலாறு

பிளாஸ்மா என்பது குருதியணுக்களை நீக்கிய நீர்மப் பகுதி. குருதியை உறையவிட்டு, உறைகட்டியை அகற்றினால் கிடைப்பது சீரம். மருந்தின் செறிவை இவ்விரண்டில் எதிலும் அளக்கலாம். சென்னையில் அளக்கப்பட்டது சீரம். ஒரு மில்லி லிட்டரில் கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரோகிராம் அளவில் இருக்கும் பொருளைப் புரதங்களுக்கும் உப்புகளுக்கும் நடுவிலிருந்து பிரித்தறிவதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல்.

சல்ஃபா மருந்துகள் அதற்கு முதல் வாய்ப்பளித்தன. 1937இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈ.கே. மார்ஷல் குருதியிலும் சிறுநீரிலும் சல்ஃபனிலமைடை அளக்கும் முறையை வெளியிட்டார். அம்மருந்தின் மூலக்கூறில் உள்ள அமினோத் தொகுதியை நைட்ரச அமிலத்தோடு வினைபுரியச் செய்து, பின்னர் மற்றொரு சேர்மத்தோடு இணைத்தால் செந்நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தி மருந்தின் அளவைக் காட்டும். 1939இல் பிராட்டனும் மார்ஷலும் இதனைச் செம்மைப்படுத்தினர். பிராட்டன்–மார்ஷல் வினை என்ற பெயரில் அது உலகெங்கும் ஆய்வகப் பாடமாயிற்று. மார்ஷல் குழுவினர் அதே ஆண்டுகளில் இன்னொன்றையும் கண்டனர். குருதியிலுள்ள சல்ஃபனிலமைடின் ஒரு பகுதி நிறவினைக்கு உட்படுவதில்லை. உடல் அதன் அமினோத் தொகுதியில் ஓர் அசெட்டைல் தொகுதியை ஏற்றி அதனை மறைத்துவிடுகிறது. அமிலத்தில் கொதிக்க வைத்தால் மறைந்த பகுதியும் வெளிப்படும். சல்ஃபா மருந்துகளைப் பொறுத்தவரை இது ஒரு துணைச் செய்தி போலத் தோன்றினாலும், முப்பது ஆண்டுகள் கழித்துச் சென்னையில் இதன் பயன் தெரியவந்தது.

இரண்டாம் உலகப் போர் இத்துறையை அடுத்த படிக்கு உயர்த்தியது. 1942இல் ஜாவாத் தீவு ஜப்பானியர் வசமானதும் நேச நாடுகளுக்குக் கொய்னா வரத்து நின்றது. மாற்றாக இருந்தது அட்டபிரின் என்னும் செயற்கை மருந்து. அது மலேரியாவை விரைந்து தணிக்கவில்லை என்றும், அளவைக் கூட்டினால் படைவீரரால் தாங்க இயலவில்லை என்றும் குறைகள் எழுந்தன. நியூயார்க்கின் கோல்ட்வாட்டர் நினைவு மருத்துவமனையில் ஜேம்ஸ் ஷானன் தலைமையில் இயங்கிய குழுவில் பெர்னார்ட் பிராடியும் சிட்னி யூடன்ஃபிரண்டும் இதனை ஆராய்ந்தனர். அம்மருந்து ஒளிரும் தன்மை உடையது. அவ்வொளிர்வைக் கொண்டே பிளாஸ்மாவிலுள்ள மிகச் சிறு அளவையும் அவர்கள் அளந்தனர். குருதியின் வெள்ளணுக்கள் அட்டபிரினைத் தம்முள் செறித்து வைத்துக்கொள்வதால், மையவிலக்குக் கருவியில் அணுக்களை முற்றாக நீக்காவிடில் அளவீடு பொய்த்துவிடும் என்பதையும் கண்டனர். திசுக்கள் மருந்தைப் பேரளவில் உறிஞ்சிக்கொள்வதால் பிளாஸ்மாவில் அது நாள்கணக்கில் மெல்ல மெல்லவே உயர்ந்தது. எனவே முதல் நாளில் பெரிய அளவும் பின்னர் சிறிய அன்றாட அளவும் என்று மருந்துத் திட்டம் மாற்றப்பட்டது. மருந்தை மாற்றாமல், கொடுக்கும் முறையை மட்டும் குருதியளவீட்டின் துணையால் மாற்றி ஒரு சிகிச்சை மீட்கப்பட்டது இங்கேதான்.

ஐசோனியசிட்டும் இருவகை உடல்களும்

ஐசோனியசிட் 1912இல் பிராக் நகரில் வேதியியல் ஆராய்ச்சிக்காகத் தயாரிக்கப்பட்டு, நாற்பது ஆண்டுகள் எவராலும் கவனிக்கப்படாமல் கிடந்த சேர்மம். காசநோய்க் கிருமியை அது கொல்லும் என்பது 1950களின் தொடக்கத்தில் தெரியவந்தது; 1952இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது. வாயால் உட்கொள்ளத்தக்கது, விலை மிகக் குறைவானது, அதுவரை இருந்த மருந்துகளைவிட ஆற்றல் மிக்கது. ஆயினும் தனியாகக் கொடுத்தால் கிருமிகள் விரைவில் எதிர்ப்பாற்றல் பெறும் என்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தொடக்க கால ஆய்வுகளே காட்டிவிட்டன.

1953இல் ஜெர்மனியில் போனிக்கேயும் ரைஃபும், ஐசோனியசிட்டைச் சிலரது உடல் விரைந்தும் சிலரது உடல் மெதுவாகவும் செயலிழக்கச் செய்வதாக அறிவித்தனர். செயலிழப்புக்கான வழி அசெட்டைல் ஏற்றமே. 1960இல் எவன்ஸ், மேன்லி, மெக்கியூசிக் ஆகியோர் 53 குடும்பங்களைச் சேர்ந்த 267 பேருக்கு மருந்து கொடுத்து, 6 மணிநேரம் கழித்துப் பிளாஸ்மாச் செறிவை அளந்தனர். உயரம் அல்லது எடை போல அச்செறிவு ஒரே மேடாகப் பரவவில்லை. நடுவே பள்ளம் விழ, இரு மேடுகளாகப் பிரிந்து நின்றது. குடும்ப மரங்களோடு ஒப்பிட்டபோது, மெதுவாகச் செயலிழக்கச் செய்யும் தன்மை ஒடுங்கு பண்பாக மரபில் வருவது புலனாயிற்று. மருந்தியலும் மரபியலும் சந்தித்த தொடக்க கால எடுத்துக்காட்டுகளுள் இது தலையாயது.

மக்கள்தோறும் இவ்விரு வகையினரின் விகிதம் மாறுபடுகிறது. ஜப்பானியருள் மெதுவகையினர் பத்தில் ஒருவர் அளவினரே. தென்னிந்தியரில் அவர்கள் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர். சென்னை மையத்தின் வரலாற்றை இந்த விகிதத்தை மறந்து புரிந்துகொள்ள இயலாது.

சென்னையின் கேள்வி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இணைந்து 1956இல் சென்னைக் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் தலைமைப் பொறுப்பில் இருந்தார். நெரிசலான வீட்டில், குறைந்த உணவோடு, வேலைக்கும் சென்றுகொண்டு மருந்துண்ணும் நோயாளி, சானடோரியத்தில் ஓய்வும் ஊட்டமான உணவும் பெறும் நோயாளியைப் போலவே குணமடைவார் என்பதை 1959இல் வெளியான அதன் முதல் ஆய்வு நிறுவியது. மையத்தின் புகழ் பெரும்பாலும் இந்த ஒன்றை வைத்தே பேசப்படுகிறது. அதனை அடுத்து வந்த மருந்தளவு ஆய்வுகளுக்கு வரலாற்று நூல்களில் கிடைத்த இடம் குறைவு. அவற்றின் சிந்தனை ஆழத்துக்கு இது நியாயமன்று.

முதல் ஆய்வில் கொடுக்கப்பட்டவை ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ். என்று சுருங்க வழங்கிய பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும். பி.ஏ.எஸ். நாளொன்றுக்கு 10 கிராம் உட்கொள்ள வேண்டிய மருந்து. குமட்டலும் வயிற்றுப்போக்கும் உண்டாக்குவது. ஐசோனியசிட்டைவிடப் பன்மடங்கு செலவு பிடிப்பது. இலட்சக்கணக்கான நோயாளிகள் உள்ள நாட்டில் அதனை எல்லோருக்கும் ஓராண்டுக்கு வழங்க இயலுமா? இயலாதெனில், அளவைக் கூட்டியேனும் ஐசோனியசிட்டைத் தனியாகக் கொடுத்துப் போதுமான பயன் பெறலாமா? மருந்தெதிர்ப்பு பற்றி முன்பே அறிந்திருந்தும் இக்கேள்வியை எழுப்பியது இன்று வாசிப்போருக்கு நெருடலாம். ஆனால் அன்று எதிரே இருந்த மாற்று, பலருக்கும் மருந்தே இல்லை என்பதுதான்.

ஆகவே நான்கு முறைகள் ஒப்பிடப்பட்டன. ஒரு குழுவுக்கு ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.சும் சேர்ந்து; இரண்டாம் குழுவுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறக்குறைய 8.8 மில்லிகிராம் ஐசோனியசிட் ஒரே வேளையாக. மூன்றாம் குழுவுக்கு அதே அளவு இரண்டு வேளையாகப் பிரித்து. நான்காம் குழுவுக்கு அதில் பாதியளவு இரண்டு வேளையாக. முடிவு 1960இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வந்தது. இருமருந்துச் சேர்க்கையே சிறந்தது. தனி ஐசோனியசிட் முறைகளுள் பெரிய அளவை ஒரே வேளையாகக் கொடுத்தது முன்நின்றது. பிரித்துக் கொடுத்தது சற்றுப் பின்தங்கியது. சிறிய அளவு கடைசியானது.

முதல் முடிவு எதிர்பார்த்ததே. இரண்டாவது, அன்றைய மருத்துவ வழக்குக்கு மாறானது. கிருமியை எந்நேரமும் மருந்தில் மூழ்க வைத்திருக்க வேண்டும், ஆகவே மருந்தைப் பகுத்துப் பலவேளை கொடுக்க வேண்டும் என்பதே பொதுக் கருத்தாக இருந்தது. ஒரே அளவு மருந்து ஒரே வேளையில் சற்றேனும் மிகுந்த பயன் தந்தது எதனால்? விடை குருதியில்தான் இருக்க முடியும்.

கிருமியைக் கொண்டே மருந்தை அளத்தல்

1961இல் அதே ஆய்விதழின் 25ஆம் தொகுதியில் மூன்று பகுதிகளாக விடை வெளியாயிற்று. பி.ஆர்.ஜே. கங்காதரம், ஜே.பி. செல்கான், எஸ். தேவதத்தா, எஸ். இராதாகிருஷ்ணா, வாலஸ் ஃபாக்ஸ் முதலியோர் இவ்வரிசையில் பங்களித்தனர்.

சென்னை ஆய்வகம் நிறவினையை விட்டு உயிரியல் அளவீட்டைக் கைக்கொண்டது. அன்றைய வேதிமுறைகளில், செயலுள்ள ஐசோனியசிட்டை அதன் அசெட்டைல் ஏற்றம் பெற்ற, செயலிழந்த வடிவத்திலிருந்து மிகக் குறைந்த செறிவுகளில் பிரித்தறிவது கடினமாக இருந்தது. காசநோய்க் கிருமியோ அவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. செயலுள்ளது அதனைத் தடுக்கும், செயலிழந்தது தடுக்காது. குழாயில் சாய்வாக உறைய வைத்த திட ஊடகத்தின் மேல் கிருமியைப் பூசி, அடியில் நோயாளியின் சீரத்தை இட்டுக் குழாயை நிமிர்த்தி வைத்தனர். மருந்து ஊடகத்தின் வழியே மேல்நோக்கிப் பரவும். அது போதிய செறிவில் எட்டிய உயரம் வரை கிருமி வளராது. வளர்ச்சியற்ற பகுதியின் நீளத்தை, செறிவு தெரிந்த கரைசல்கள் உண்டாக்கிய நீளங்களோடு ஒப்பிட்டால் சீரத்தின் செறிவு கிடைக்கும். காசக் கிருமி மிக மெதுவாக வளர்வது. ஒரு சீரத்தின் அளவை அறிய நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். விலையுயர்ந்த ஒளிமானிகள் வேண்டாம். ஆனால் பொறுமையும், ஒவ்வொரு தொகுப்பிலும் தவறாத ஒப்பீட்டுக் குழாய்களும் வேண்டும். காசநோய் ஆய்வகம் ஒன்றுக்கு இது இயல்பாகவே பொருந்திய முறை.

நோயாளி எந்த வகையினர் என்பதை அறிய ஒரு நிலையான சோதனையும் வகுக்கப்பட்டது. கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம் ஐசோனியசிட்டைத் தசையில் ஊசியாகச் செலுத்தி, 4½ மணிநேரம் கழித்துக் குருதி எடுத்தனர். ஊசி வழியாகச் செலுத்தியதால் குடல் உறிஞ்சுதலில் உள்ள வேறுபாடு விலக்கப்பட்டது; எஞ்சியது உடல் அழிக்கும் வேகம் மட்டுமே. 4½ மணி என்பதன் பொருத்தத்தை ஓர் எளிய கணக்கில் காணலாம். விரைவகையினரிடம் மருந்து பாதியாகக் குறைய 1½ மணிநேரம் என்றும், மெதுவகையினரிடம் 3 மணிநேரம் என்றும் கொள்வோம். 4½ மணியில் முன்னவரிடம் மும்முறை பாதியாகி எட்டில் ஒரு பங்கு எஞ்சும். பின்னவரிடம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எஞ்சும். ஏறத்தாழ மூன்று மடங்கு வேறுபாடு. மிக முன்னதாக அளந்தால் இருவரும் நெருங்கி நிற்பர். மிகப் பிந்தினால் விரைவகையினரின் குருதியில் அளப்பதற்கே ஒன்றும் இராது.

பின்னர் இவ்வகைப்பாடு சிகிச்சை முடிவுகளோடு ஒப்பிடப்பட்டது. ஐசோனியசிட்டைத் தனியாகப் பெற்றோருள் மெதுவகையினர் விரைவகையினரைவிட நன்கு குணமடைந்தனர். இங்கு ஒன்று கவனத்துக்குரியது. மையத்தின் நோயாளிகள் மருந்துண்கிறார்களா என்பதை அறிய, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணுவதும் சிறுநீரைச் சோதிப்பதும் வழக்கமாயிருந்தன. சிறுநீர்ச் சோதனை விழுங்கியதற்குச் சான்று. சீரம் அளவீடு, விழுங்கியது என்னவாயிற்று என்பதற்குச் சான்று. இரண்டையும் ஒருசேர வைத்திருந்த ஆய்வகத்தால்தான் கவனக்குறைவையும் உடற்கூற்றையும் வேறுபடுத்த முடிந்தது. தோல்வியுற்ற சிகிச்சைகளில் ஒரு பகுதிக்கு நோயாளியின் ஒழுக்கத்தோடு தொடர்பே இல்லை என்பது இவ்வாறு எண்களில் பதிவாயிற்று.

மூன்றாம் பகுதி வேளைக் கேள்விக்கு விடை கூறியது. ஒவ்வொரு முறையிலும் நாள் முழுவதும் சீரச் செறிவு எவ்வாறு ஏறி இறங்குகிறது என்று அளந்தபோது, மருந்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தவர்களிடமே கிருமியைத் தடுக்கும் செறிவு நாளில் அதிக நேரம் நீடித்தது. ஒரே வேளையாகப் பெற்றவர்களிடம் அந்நேரம் குறைவு. ஆனால் உச்சச் செறிவு உயர்வு. சிகிச்சைப் பயன் உச்சத்தோடு ஒத்துச் சென்றதேயன்றி நீடித்த நேரத்தோடு ஒத்துச் செல்லவில்லை. மருந்து குருதியிலிருந்து மறைந்த பின்னரும் கிருமி சில காலம் தலைதூக்குவதில்லை என்பது பின்னர் மிட்சிசன், டிக்கின்சன் ஆகியோரின் ஆய்வகச் சோதனைகளால் உறுதிப்பட்டது.

உச்சத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பேரளவு ஐசோனியசிட் பெற்றோரிடையே கை கால்களில் எரிச்சலும் மரமரப்பும் உண்டாக்கும் நரம்பழற்சி தோன்றியது. மெதுவகையினரிடமே அது மிகுதி. குணமடைவதில் அவர்களுக்கு வாய்ப்பளித்த அதே உடற்கூறு இங்கு அவர்களைத் துன்புறுத்தியது. பைரிடாக்சின் என்னும் B6 ஊட்டச்சத்தைச் சிறிதளவு சேர்த்தால் இதனைத் தடுக்கலாம் என்பதையும் மையத்தின் ஆய்வுகள் காட்டின.

அளவீடு தன்னைத் தேவையற்றதாக்கிய விதம்

இக்கண்டுபிடிப்பிலிருந்து இரு பாதைகள் திறந்திருந்தன. ஒவ்வொரு நோயாளியின் குருதியையும் சோதித்து வகைபிரித்து, விரைவகையினருக்கு மிகுதியாகவும் மெதுவகையினருக்குக் குறைவாகவும் மருந்தளிக்கலாம். 1960களின் பிற்பகுதியிலிருந்து மேலை நாடுகளில் வலிப்புக்கான ஃபெனிட்டாயின், இதயத்துக்கான டிகாக்சின், மனநோய்க்கான லித்தியம் ஆகியவற்றில் மருத்துவம் சென்ற பாதை அதுவே; தனியாள் குருதியளவைப் பார்த்துத் தனியாள் மருந்தைத் திருத்துவது. சென்னை ஆய்வாளர்கள் அதனைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊசியிட்டு 4½ மணிநேரம் நோயாளியைக் காக்க வைத்து, விடைக்கு நாள்கணக்கில் காத்திருக்கும் ஒரு சோதனையை மாவட்ட மருத்துவமனைகள்தோறும் நடத்துவது எண்ணிப் பார்க்கவும் இயலாதது. அவர்கள் கேட்டது வேறு: எந்த மருந்துத் திட்டத்தில் இவ்வேறுபாடு பொருட்டாக இராது?

முதல் விடை கையிலேயே இருந்தது. பி.ஏ.எஸ். சேர்த்து நாள்தோறும் மருந்து பெற்றோரிடம் விரைவகையினருக்கும் மெதுவகையினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பி.ஏ.எஸ். தானும் அசெட்டைல் ஏற்றத்துக்கு உட்படுவதால் ஐசோனியசிட்டுடன் போட்டியிட்டு அதன் அழிவைத் தாமதப்படுத்துகிறது என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இரண்டாம் விடை புதுமையானது. உச்சமே முதன்மை எனில் மருந்தை நாள்தோறும் கொடுக்க வேண்டியதில்லை; பெரிய அளவில் இடைவிட்டுக் கொடுக்கலாம். இடைவிட்டுக் கொடுத்தால் நோயாளி மருந்தகத்துக்கே வந்து செவிலியர் முன்னிலையில் உட்கொள்ளலாம். கிலோகிராமுக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் ஐசோனியசிட்டும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் வாரம் இருமுறை என்ற திட்டம், நாள்தோறும் கொடுக்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். சேர்க்கையோடு ஒப்பிடப்பட்டு, அதற்குச் சிறிதும் குறையாத பயன் தந்ததை 1964இல் மையம் வெளியிட்டது. உலகெங்கும் பின்னர் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களுள் ஒன்று இவ்வாய்வில் உள்ளது. அந்த வேரின் அடியில் இருப்பது சீரம் அளவீடு என்பது பலரும் நினையாத செய்தி.

வாரம் ஒருமுறையாகக் குறைத்தால்? 1970இல் வெளியான ஒப்பீட்டில் எல்லை தெரிந்தது. மெதுவகையினர் வாரம் ஒருமுறை மருந்திலும் நன்கு தேறினர், விரைவகையினர் பின்தங்கினர். மக்கள் தொகையில் ஐந்தில் இருவரைக் கைவிடும் திட்டத்தைப் பொதுச் சிகிச்சையாக ஏற்க இயலாது. உடலில் மெல்ல வெளிப்படும்படி தயாரித்த ஐசோனியசிட் மாத்திரைகளால் அவ்விடைவெளியை நிரப்பும் முயற்சிகள் 1970களில் நடந்தன. ரிஃபாம்பிசின் வந்து சிகிச்சைக் காலமே சுருங்கிய பிறகு அவற்றில் ஆர்வம் குன்றியது.

அதே 1970ஆம் ஆண்டில் மையத்தின் இராவ், மிட்சிசன், நாயர், பிரேமா, திரிபாதி ஆகியோர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் எளிய சோதனையை முன்வைத்தனர். ஐசோனியசிட்டுக்குப் பதிலாகச் சல்ஃபாடிமிடின் என்னும் சல்ஃபா மருந்தைக் கொடுத்து, 6 மணிநேரம் கழித்துக் குருதியிலோ சிறுநீரிலோ அதன் எத்தனை பங்கு அசெட்டைல் ஏற்றம் பெற்றுள்ளது என்று அளந்தால், அவர் ஐசோனியசிட்டை எவ்வகையில் கையாள்வார் என்பது தெரிந்துவிடும். இரு மருந்துகளையும் மாற்றுவது கல்லீரலின் ஒரே நொதி என்பதால் இது இயலுகிறது. நோயாளி சிறுநீர் கொடுத்தால் போதும். கிருமி வளரக் காத்திருக்க வேண்டியதில்லை. குழாயில் தோன்றும் செந்நிறம் 1939இன் பிராட்டன்–மார்ஷல் வினையே. அமிலத்தில் கொதிக்க வைத்து மறைந்த பகுதியை வெளிக்கொணரும் படியும் மார்ஷல் காலத்ததே. ஒரு மருந்துக்காக வகுத்த அளவீடு, மற்றொரு மருந்தின் விதியை மூன்றாவது நாட்டில் முன்னறிவித்தது.

மீண்டும் குருதிக்கு

இடைவிட்ட சிகிச்சை இந்தியாவில் கொள்கையாக நிலைபெற்றது. 1997 முதல் விரிவடைந்த தேசியத் திட்டம் வாரம் மும்முறை மருந்தளித்தது. குருதியளவீடு அப்போது சிகிச்சையிலிருந்து விலகி, ஆய்வாளரின் வேலையாக மட்டும் எஞ்சியிருந்தது. எச்.ஐ.வி. தொற்று அதனைத் திரும்ப அழைத்தது. நோய் முற்றிய எச்.ஐ.வி. நோயாளிகளின் குருதியில் ரிஃபாம்பிசின் முதலிய காசநோய் மருந்துகளின் செறிவு குறைந்திருப்பதைச் சென்னையில் பிரேமா குருமூர்த்தியும் உடனாய்வாளர்களும் 2004இல் வெளியிட்டனர். குடல் மருந்தை முறையாக உறிஞ்சுவதில்லை என்பதே அவர்கள் சுட்டிய காரணம். 1950களில் ஊசி மூலம் வேண்டுமென்றே விலக்கி வைத்த குடல், இப்போது சிக்கலின் மையமாயிற்று. உயர் செயல்திறன் நீர்ம நிறப்பகுப்பு என்னும் கருவிமுறை, கிருமி வளரக் காத்திருந்த நாள்களை நிமிடங்களாகச் சுருக்கியிருந்தது.

2013இல் கீதா இராமச்சந்திரன் குழுவினர் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, பழைய வகைப்பாட்டையே மீண்டும் கையில் எடுத்தது. வயது, ஊட்டநிலை ஆகியவற்றோடு, குழந்தை விரைவகையா மெதுவகையா என்பதும் மருந்துச் செறிவைத் தீர்மானிப்பதை அவர்கள் காட்டினர். கிலோகிராம் கணக்கில் பெரியவர்களுக்கு நிகராக மருந்து பெறும் சிறு குழந்தையின் உடல் அதனைப் பெரியவர் உடலைவிட விரைந்து அகற்றிவிடும். அக்குழந்தை விரைவகையாகவும் இருந்தால் வாரம் மும்முறை எழும் உச்சமும் தாழ்ந்தே நிற்கும். 2017இல் இந்தியா நாள்தோறும் மருந்தளிக்கும் முறைக்கு மாறியது. அம்முறையிலும் மாத்திரைகளின் எண்ணிக்கை உடல் எடை வரம்புகளைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. விரைவகை, மெதுவகை என்ற பாகுபாடு நோயாளியின் சிகிச்சை அட்டையில் இடம்பெறுவதில்லை.